நடைக்கூடத்தில் யாரோ நிற்கிறார்கள்

பக்கிங்காம் கோமகன் மஸ்கட்டியர் வீரனின் உடையில் லூவர் அரண்மனைக்குள் ரகசியமாக நுழைகிறான். பிரான்சின் அரசியை அவன் தனியே சந்திக்க வேண்டும். பிடிபட்டால் உயிர் போகும், அரசியின் மானமும் போகும். வழிகாட்ட வந்த பணிப்பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்கிறாள். படிக்கட்டின் கைப்பிடி கையில் தட்டுப்படுகிறது. இரண்டு மாடி ஏறியதாக அவன் மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறான். வலப்புறம் திரும்பினால் ஒரு நீண்ட நடைக்கூடம். பிறகு மறுபடி இறக்கம். பூட்டுக்குள் சாவி நுழைகிறது. 1844இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்த ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ நாவலில் அலெக்சாந்தர் டூமா எழுதிய காட்சி இது.

சரித்திர சாகசக் கதை எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இப்படியொரு இடம் அதில் வந்துவிடும். கொலுமண்டபத்தில் எல்லோரும் பணிவாக நிற்பார்கள். சதியெல்லாம் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள குறுகிய வழியில்தான் நடக்கும். அங்கே ஒருவன் ஒட்டுக்கேட்பான், ஒருவன் இருட்டில் பதுங்குவான், ஒருவன் ஒற்றை வாளால் ஐந்து பேரைத் தடுத்து நிறுத்துவான். இதை எழுத்தாளர்களின் வெறும் பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. நீண்டு குறுகிய இடத்தில் ஒலி ஒருவிதமாகவும் ஒளி இன்னொருவிதமாகவும் நடந்துகொள்கின்றன. ஆள்பலத்தின் கணக்கே மாறிவிடுகிறது. இந்தக் கதைகளை ஓட்டுவது அந்த அறிவியல்தான்.

முதலில், இந்த நடைக்கூடம் எவ்வளவு இளையது என்று பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய மாளிகைகளில் அறைகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக, கதவுக்கு நேர் கதவாக அமைந்திருந்தன. இந்த அமைப்பை அறைத்தொடர் என்று சொல்லலாம். பத்தாவது அறைக்குப் போக ஒன்பது அறைகளைக் கடந்தாக வேண்டும். ரயிலில் கடைசிப் பெட்டிக்குப் போகிறவர் நடுவில் உள்ள அத்தனை பயணிகளின் கால்களையும் தாண்டிக்கொண்டு போவதுபோல, அரண்மனைவாசிகள் ஒருவர் அறை வழியே மற்றொருவர் அறைக்குப் போனார்கள். யார் யாரைப் பார்க்க வந்தார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ராஜர் பிராட் என்ற கட்டடக் கலைஞர் கோல்ஸ்ஹில் என்ற மாளிகையை வடிவமைத்தார். ஒவ்வொரு தளத்திலும் நட்டநடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நடைக்கூடம் ஓடியது. அதன் இரு முனைகளிலும் பின்படிக்கட்டுகள் இருந்தன. வேலைக்காரர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போய்வர வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ராபின் எவன்ஸ் 1978இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த மாற்றத்தின் ஆழத்தைக் காட்டினார். நடைக்கூடம் அறைகளை இணைத்தது. அறைகளுக்குள் இருந்த மனிதர்களைப் பிரித்தது. அறைத்தொடரில் கதவுக்கு ‘வெளியே’ என்று ஓர் இடமே கிடையாது. கதவுக்கு அப்பாலும் யாரோ ஒருவரின் அறைதான். நடைக்கூடம் வந்த பிறகே தனிமை சாத்தியமாயிற்று. கதவுக்கு வெளியே நின்று அந்தத் தனிமையைத் திருடவும் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள் பணியாளர்கள். டூமாவின் கதையில் இங்கிலாந்தின் பெருங்கோமகனுக்கு வழி தெரியாது. அரசியின் துணிமணிகளைக் கவனிக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

நடைக்கூடத்தின் மிகப் பெரிய வித்தை அதன் திருப்பத்தில் இருக்கிறது. மூலையில் மறைந்து நிற்பவரின் கண்ணுக்கு மறுபக்கம் பேசுகிறவர்கள் தெரிவதில்லை, ஆனால் பேச்சு காதில் விழுகிறது. பழகிப்போனதால் இது எவ்வளவு விசித்திரம் என்று நாம் யோசிப்பதில்லை. ஒளியும் அலை, ஒலியும் அலை. ஒன்று மூலையோடு நின்றுவிட, மற்றொன்று மட்டும் எப்படி வளைந்து வருகிறது?

விடை அலைநீளத்தில் இருக்கிறது. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் அலைநீளம். பச்சை ஒளிக்கு அது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மனிதக் குரலின் அலைகளோ சில சென்டிமீட்டரில் தொடங்கி மூன்று மீட்டர்வரை நீள்பவை. ஒரு மீட்டர் நீளமுள்ள குரலலை பச்சை ஒளியலையைவிட இருபது லட்சம் மடங்கு பெரியது. அலை தன் அளவுக்கு ஒப்பான திறப்பையோ தடையையோ சந்தித்தால் அதைச் சுற்றி வளைந்து பரவும். இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். இரண்டு மீட்டர் அகலமுள்ள நடைக்கூடத்தின் மூலை குரலுக்கு ஒப்பான அளவுடையது, ஆகவே குரல் திரும்பிவிடுகிறது. ஒளிக்கு அந்த மூலை மலையைவிடப் பெரியது. வழவழப்பான கல்சுவர்கள் ஒலியை மாறிமாறித் திருப்பி அனுப்பி மேலும் உதவுகின்றன.

இதற்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. குரலின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவுக்கு வளைவதில்லை. உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் நீண்ட அலைகளில் இருக்கிறது. அவை மூலையைச் சுற்றி எளிதாக வந்துவிடும். ச, த, ப போன்ற மெய்களை அடையாளம் காட்டும் சீறலும் வெடிப்பும் குட்டை அலைகளில் இருப்பவை. அவை வழியிலேயே மங்கிவிடும். மறைந்து நிற்பவருக்குப் பேசுகிறவரின் குரலும் கோபமும் அவசரமும் தெளிவாகக் கேட்கும், சொற்கள் மட்டும் பாதிதான் கிடைக்கும். ‘நாளைக்குச் சொல்’ என்று யாரோ முணுமுணுக்க, திருப்பத்தில் நிற்பவன் காதில் அது ‘நாளைக்குக் கொல்’ என்று விழலாம். அரைகுறையாகக் கேட்டதை நம்பி நாயகன் நூறு காதம் குதிரை ஓட்டுவது கதாசிரியரின் கற்பனைதான். அரைகுறையாகக் கேட்பதற்கு மட்டும் இயற்பியலின் சான்று உண்டு.

திருப்பமே இல்லாத நேர்வழியில் நடப்பது இன்னும் வியப்பு. திறந்தவெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுவதால் தூரம் இரட்டித்தால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். நாலாபுறமும் கல்லால் அடைத்த வழியில் அது விரிய இடமில்லை. முன்னும் பின்னும் மட்டுமே போக முடியும். இதன் உச்சத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான்-பாப்டிஸ்ட் பியோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கண்டார். பாரிசில் குடிநீருக்காகப் போட்டிருந்த 951 மீட்டர் நீள இரும்புக் குழாய், தண்ணீர் இல்லாமல் காலியாக இருந்தது. அதன் ஒரு முனையில் மிகத் தாழ்ந்த குரலில் பேசினாலும் மறுமுனையில் கேட்டது, உரையாடவே முடிந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! குரல் போய்ச் சேர மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். நடைக்கூடம் இரும்புக் குழாய் அளவுக்குக் கச்சிதமானது அல்ல. கதவுகளும் சன்னல்களும் ஒலியைக் கசியவிடும். என்றாலும் அதுவும் அந்தக் குழாயின் உறவுக்காரன்தான்.

அந்த வழியை வட்டமாக வளைத்தால் என்ன ஆகும்? பீஜப்பூரில் 1656இல் கட்டி முடிக்கப்பட்ட கோல் கும்பஸின் குவிமாடத்துக்கு உள்ளே ஒரு வட்ட நடைமாடம் சுற்றிவருகிறது. உட்புற விட்டம் ஏறத்தாழ 38 மீட்டர். ஒரு பக்கச் சுவரில் வாய் வைத்து முணுமுணுத்தால், சுவரைத் தொற்றிக்கொண்டே 60 மீட்டர் ஓடி எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். லண்டன் புனித பவுல் பேராலயத்திலும் இதே அதிசயம் உண்டு. உட்குழிந்த சுவரில் ஒலி சின்னச் சின்னத் தாவல்களாகப் பட்டுப்பட்டு நகர்வதால் அது சுவரை விட்டு விலகுவதில்லை என்று இயற்பியலாளர் ரேலே பிரபு விளக்கியிருந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் லண்டன் போனபோது அந்த ஆலயத்தில் சதர்லண்ட் என்பவரோடு சேர்ந்து சோதனை செய்தார். சுவரிலிருந்து விலக விலக ஒலி சீராகக் குறையவில்லை, கூடியும் குறைந்தும் மாறிமாறி வந்தது. ரேலேயின் விளக்கத்தில் இல்லாத நுட்பம் அது. இந்தியா திரும்பியதும் கோல் கும்பஸ் உள்ளிட்ட இங்குள்ள முணுமுணுப்பு மாடங்களையும் அவர் ஆராய்ந்தார். நோபல் பரிசுக்கு ஒன்பது ஆண்டு முன்னர் அவர் இப்படிச் சுவரோரம் காது வைத்துத் திரிந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஒலியை வேண்டுமென்றே களவாடத் திட்டம் போட்டவரும் உண்டு. அதனாசியஸ் கிர்ஷர் என்ற ஜெர்மானிய ஏசு சபைத் துறவி 1650இல் வெளியிட்ட இசை நூலில் ஓர் அரண்மனையின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தார். அதன் சுவர்களுக்குள் நத்தை ஓடுபோல முறுக்கிய பெரும் குழாய்கள் புதைந்திருக்கின்றன. அகன்ற வாய் முற்றத்தைப் பார்த்திருக்கும். குறுகிய முனை உள்ளறையில் இருக்கும் ஒரு சிலையின் வாயில் முடியும். வெளியே பேசுவதைச் சிலை உள்ளே பேசிக் காட்டும்.

பிரபுக்களின் மாளிகைகளில் ஒலியின் போக்கை மாற்றிய இன்னொன்று சுவர்த்திரை. கனத்த கம்பளித் திரைகள் சுவரை மூடியதும் எதிரொலி அடங்கும். பேசுகிறவருக்குத் தன் குரல் தனக்குள்ளேயே முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். இந்த அமைதி ஏமாற்றுகிறது. துணியின் நுண்துளைகளில் காற்று உரசும்போது ஒலியின் ஒரு பகுதி வெப்பமாக மாறுவதால் எதிரொலி குறைகிறது. ஒலியைத் தடுத்து நிறுத்தத் தேவை எடை. அது செங்கல்லுக்கு உண்டு, துணிக்குப் போதாது. ஆகவே திரைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பேச்சு நன்றாகவே கேட்கும், எதிரொலி இல்லாததால் இன்னும் தெளிவாகக்கூட. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ் திரைக்குப் பின்னால் நின்று கேட்டது அறிவியல்படி சரியான இடத் தேர்வு. ஆனால் எடையில்லாத திரை ஹாம்லெட்டின் வாளையும் தடுக்கவில்லை.

இனி வெளிச்சத்தின் கணக்கு. ஒரு மெழுகுவத்தியின் ஒளி மூன்று மீட்டர் தள்ளிப் போனதும் ஒரு மீட்டரில் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அது ஏறத்தாழ முழுநிலவு தரையில் தரும் வெளிச்சம். அதாவது விளக்கேந்தி வருகிறவர் மூன்று, நான்கு மீட்டர் ஆரமுள்ள நிலவொளித் தீவுக்குள் நடக்கிறார். அதற்கு அப்பால் அவருக்கு எல்லாம் கறுப்பு. அந்தச் சுடரோ நடைக்கூடத்தின் கடைக்கோடியிலிருந்தும் பளிச்சென்று தெரியும். விழித்திரையின் கதையும் இதோடு சேர்கிறது. இருட்டுக்கு நம் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அதற்குள் அதன் கூர்மை பல்லாயிரம் மடங்கு கூடிவிடும். தீப்பந்தத்தின் பக்கத்தில் நிற்கும் காவலருக்கு அந்தப் பழக்கம் ஏற்படவே வழியில்லை. அரைமணி நேரம் இருட்டில் காத்திருப்பவர் பார்க்கிறார், விளக்கேந்தியவர் பார்க்கப்படுகிறார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் பழுவேட்டரையரின் நிலவறை இருட்டில் வந்தியத்தேவன் பதுங்கி நிற்க, தீவட்டி வெளிச்சத்தோடு சிலர் வருவதைக் கல்கி எழுதியபோது இந்த விதியை அப்படியே பயன்படுத்தினார். வந்தியத்தேவனுக்குத் துணிச்சலோடு விழித்திரையும் கைகொடுத்தது.

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் இதே கணக்கு மரத்தில் இழைக்கப்பட்டிருக்கிறது. அரண்மனைப் பெண்கள் மரத்தட்டிகளுக்குப் பின்னாலிருந்து நவராத்திரி மண்டப நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். மண்டபத்திலிருந்து பார்த்தால் தட்டியின் முகப்பு வெளிச்சத்தில் மின்னும், துளைகள் கறுத்துப்போகும். உள்ளேயிருந்து பார்த்தால் தட்டி கறுத்து, காட்சி மின்னும். ஒரே துளைதான், ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ரகசியத்தையே அது வெளிவிடும்.

கண்ணையும் காதையும் ஏமாற்றிவிட்டாலும் காலடி இருக்கிறது. ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டை 1603இல் டொக்குகவா இயேயாசுவுக்காகக் கட்டப்பட்டது. அதன் நினோமாரு அரண்மனை நடைக்கூடத்தில் நடந்தால் பலகைகள் குருவிபோலக் கீச்சிடும். பலகைகளுக்கு அடியில் இரும்புக் கொண்டிகள் ஆணிகளால் பிடிக்கப்பட்டிருக்கின்றன. கால் பட்டு மரம் அமுங்கி எழும்போது கொண்டி ஆணியில் உரசி ஒலிக்கிறது. மெல்லக் கால் வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் மரத்தை அமுக்குவது உடலின் எடை. கொலைகாரர்களைக் காட்டிக்கொடுக்கவே இப்படிச் செய்தார்கள் என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. நூற்றாண்டுகளாக ஆணிகள் தளர்ந்து வந்த ஓசை அது என்ற விளக்கமும் உண்டு. லியன் ஹேர்ன் 2002இல் வெளியிட்ட சாகச நாவல் இப்படிப்பட்ட ஒரு தளத்தையே தலைப்பில் தாங்கியது. இரவில் அதை ஓசையின்றிக் கடக்க நாயகன் பயில்வதுதான் கதையின் முதுகெலும்பு.

ஒற்றை வாள் ஐந்து வாள்களைத் தடுக்கும் காட்சிக்கும் கணிதம் இருக்கிறது. மோட்டார் கார்கள் செய்த ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1916இல் வான்போர் பற்றி வெளியிட்ட நூலில் அதை எழுதினார். எல்லோரும் எல்லோரையும் தாக்க முடிகிற திறந்த களத்தில் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கமாக உயரும். ஐந்து பேரைச் சமாளிக்க ஒருவர் இருபத்தைந்து மடங்கு திறமைசாலியாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரோடு ஒருவர் மட்டுமே மோத முடிகிற இடத்தில் எண்ணிக்கை வர்க்கமாவதில்லை. ஐந்து மடங்கு திறமை போதும். தோள் அகலத்துக்குச் சுருங்கிய நடைக்கூடம் இருபத்தைந்தை ஐந்தாக்கிவிடுகிறது. ஐந்து மடங்கு திறமையுள்ள வாள்வீரன் அபூர்வம்தான், ஆனால் நாயகர்கள் அபூர்வமானவர்கள்.

கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: முதுகுப்பக்கம் காலியாக இருக்க வேண்டும். 1588 டிசம்பர் 23 காலை, பிரான்சின் புளுவா கோட்டையில், அரசர் மூன்றாம் ஹென்றி அழைப்பதாகச் சொல்லி கீஸ் கோமகனை ஆலோசனை அறையிலிருந்து வரவழைத்தார்கள். அரசரின் படுக்கையறையைக் கடந்து, பழைய அந்தரங்க அறைக்குப் போகும் குறுகிய வழியை நோக்கி அவர் நடந்தார். அந்த வழியின் கோடியிலும் ஆட்கள், கடந்துவந்த படுக்கையறையிலும் ஆட்கள். எல்லோரும் ‘நாற்பத்தைந்து பேர்’ என்றழைக்கப்பட்ட மெய்க்காவலர்கள். நாட்டின் மிக வலிமையான மனிதர் அங்கேயே குத்திக் கொல்லப்பட்டார்.

பத்திரமாகப் போய்வரவும் தப்பிக்கவும் கட்டிய வழிகள் இன்னும் பிரமாண்டமானவை. ஃபுளோரன்சில் தன் முன்னவர் 1537இல் உறவினராலேயே கொல்லப்பட்ட பிறகு பதினேழு வயதில் ஆட்சிக்கு வந்தவர் முதலாம் கோசிமோ. 1565இல் அவர் ஆணைப்படி ஜார்ஜோ வசாரி ஐந்தே மாதத்தில் ஊருக்கு மேலே ஒரு நடைக்கூடம் கட்டினார். முக்கால் கிலோமீட்டர் நீளம், நடந்தால் பத்து நிமிடம். அரசு மாளிகையில் தொடங்கி, ஆற்றுப்பாலத்துக் கடைகளின் கூரைமேல் ஏறி, ஒரு தேவாலயத்துக்குள் தனி மாடமாக எட்டிப்பார்த்து, பிட்டி அரண்மனையில் முடியும். மனெல்லி குடும்பம் தன் கோபுரத்தை இடிக்க ஒப்பவில்லை. ஆகவே நடைக்கூடம் அந்தக் கோபுரத்தைச் சுற்றி வளைந்துபோகிறது. இன்றும் கீழே நின்று பார்க்கலாம். ரோமில் இன்னொன்று வத்திக்கானையும் காஸ்டல் சாந்தாஞ்சலோ கோட்டையையும் இணைக்கும் 800 மீட்டர் மதில்வழி. 1527 மே 6 அன்று படைகள் ஊரைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளமென்ட் அதன்மேல் ஓடித் தப்பினார். அவருக்கு அவகாசம் வாங்கித் தருவதற்காக 189 சுவிஸ் காவலர்களில் 147 பேர் மாண்டார்கள். போப்பின் வெள்ளை அங்கி கீழேயிருந்து குறிவைக்க எளிது என்பதால் வரலாற்றாசிரியர் பாவுலோ ஜோவியோ தன் ஊதா மேலாடையை அவர்மீது போர்த்தினார்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் அரசரும் அரசியும் தனித்தனி மறைவழிகள் வைத்திருந்தார்கள். 1789 அக்டோபர் 6 விடியற்காலை பிரெஞ்சுப் புரட்சிக் கூட்டம் உள்ளே புகுந்தபோது அரசி மாரி அந்துவானெத் படுக்கையருகே இருந்த மறைகதவு வழியாக அரசரின் அறைக்கு ஓடினார். அதே நேரத்தில் பதினாறாம் லூயி அவரைக் காப்பாற்ற இன்னொரு மறைவழியாக அவருடைய அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பொது நடைக்கூடமாக இருந்திருந்தால் இருவரும் எதிரெதிரே சந்தித்திருப்பார்கள். ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிட முடியாதபடி கட்டியிருந்ததால் ஒருவரையொருவர் பார்க்காமலே கடந்துபோனார்கள். காலியான படுக்கையைக் கண்டு அரசர் திரும்பிவந்த பிறகே சேர்ந்தார்கள். அந்தக் கதவு அரசியின் படுக்கையறைச் சுவரில் பட்டுத் துணியின் வேலைப்பாட்டோடு கலந்து இப்போதும் இருக்கிறது. அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலுக்கு இடப்புறம் தேடினால் தெரியும்.